ஓவியனின் பெயரும் முகமும்: பல்லாவரம் முதல் சோழமண்டலம் வரை

முன்னுரை

ஓவியக் கலை வரலாற்றை ஆராய்வோர்க்கு இரு வினாக்கள் எழுகின்றன. வரையப்பட்டது யாது என்பது முதல் வினா. வரைந்தவன் யாவன் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்குச் சுவரே விடை தரும். இரண்டாம் வினாவிற்கோ, ஓவியன் தன் பெயரை எழுதி வைத்திருத்தல் வேண்டும். அன்றித் தன் உருவைத் தானே தீட்டி வைத்திருத்தல் வேண்டும். அன்றி அவன் வாழ்வைப் பிறர் எழுதி வைத்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து ஓவியம் எஞ்சி நிற்க, ஓவியன் மறைந்து போகின்றான்.

மேலைநாட்டு மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்களைப் பொறுத்தவரை இம்மூன்றும் நமக்குக் கிடைத்துள்ளன. தமிழகத்து ஓவியர்களைப் பற்றியோ, 'அவர்கள் பெயர் விரும்பாத அடக்கத்தினர். தொழிலைத் தொண்டாகக் கருதித் தம்மை மறைத்துக் கொண்டனர்' என்று கூறுதல் வழக்கமாகிவிட்டது. இக்கூற்று கேட்பதற்கு இனியது. ஆயினும் இது சான்றுகளோடு பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சூழ்ந்த பகுதியிலேயே இவ்வரலாற்றின் இரு முனைகளும் அமைந்துள்ளன. தாம்பரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையை அடுத்துள்ள பல்லாவரத்தில் ஏழாம் நூற்றாண்டுக் குடைவரை ஒன்று உள்ளது. கிழக்கே கடற்கரை ஓரமாக ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ஆம் ஆண்டில் ஓவியர்கள் தாமே நிலம் வாங்கி அமைத்துக்கொண்ட சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூர் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 1350 ஆண்டுக் காலம்.

மறுமலர்ச்சிக் காலத்து வழக்கு

ஒப்பிட்டு நோக்குதற்குப் பொருட்டு மேலைநாட்டு வழக்கினை முதற்கண் சுருங்கக் காண்போம். பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலியில் ஓவியர் தம் உருவைத் தனியாகத் தீட்டுதற்கு முன்னர், கூட்டத்தின் நடுவே தம்மை நிறுத்திக் காட்டினர். பிளாரன்சு நகரத்துப் போத்திசெல்லி, 1475-ஆம் ஆண்டையொட்டி வரைந்த 'மூவரசர் வழிபாடு' என்னும் ஓவியத்தின் வலப்புற ஓரத்தில் மஞ்சள் நிறப் போர்வையோடு நின்று காண்போரை நோக்கும் உருவம் அவருடையதே என்று பெரும்பாலார் கொள்வர். 1509 முதல் 1511 வரை உரோமில் 'ஏதென்சுப் பள்ளி' என்னும் சுவரோவியத்தைத் தீட்டிய இரபேல், தத்துவ அறிஞர்களின் கூட்டத்தில் வலப்பக்கக் கோடியில் தம் முகத்தையும் வைத்தார். சிற்பியாகிய கிபெர்த்தி, 1425 முதல் 1452 வரை தாம் செய்த வெண்கலக் கதவின் விளிம்பில் தம் தலையைப் புடைப்புருவாக அமைத்தார். இவற்றைச் 'சான்றாளன் உரு' என்று ஒரு வகையாகக் கொள்ளலாம். இவ்வகையில் கலைஞன் நிகழ்ச்சியின் தலைவன் அல்லன். அதனைக் கண்டு நிற்பவன்.

இரண்டாம் வகை 'தனியுரு' எனத்தகும். இதில் ஓவியனே பாட்டுடைத் தலைவன். செருமானிய நாட்டு ஆல்பிரெக்ட் டியூரர் (1471-1528) இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். பதின்மூன்றாம் வயதில், 1484-இல், கண்ணாடியில் கண்டவாறே தம் முகத்தை வெள்ளிமுனைக் கோலால் வரைந்தார். பின்னர் 1493, 1498, 1500 ஆகிய ஆண்டுகளில் வண்ண ஓவியங்களாகத் தம்மைத் தீட்டினார். இறுதியிற் குறித்த ஓவியத்தில் அவர் நேர்நோக்காகக் காட்சியளிக்கின்றார். கிறித்துவின் திருவுருவுக்கே உரியதாக அந்நாளிற் கருதப்பட்ட நிலை அது. அருகே ஆண்டும், பெயரும், தம் வயது இருபத்தெட்டு என்பதும் எழுதப்பட்டுள்ளன. பெண்பாலாருள் சோபோனிசுபா அங்குயிசோலா தம்மைப் பலமுறை தீட்டியுள்ளார்; அவற்றுள் ஓவியப் பலகையின் முன் தூரிகையோடு அமர்ந்திருக்கும் உருவும் ஒன்று. தொழில் செய்யும் நிலையிலேயே தம்மைக் காட்டியது, 'இஃது என் தொழில்' என்று உலகிற்கு அறிவித்ததாகும்.

முகத்தோடு வாழ்வும் எழுதப்பட்டது. ஓவியரும் கட்டடக் கலைஞருமாகிய ஜார்ஜோ வசாரி, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டி 1550-இல் வெளியிட்டார். 1568-இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். இரண்டாம் பதிப்பில் வரலாறுகளின் முகப்பில் கலைஞரின் உருவம் மரக்கட்டை அச்சில் இடம்பெற்றது. பெயர், முகம், வாழ்வு என்னும் மூன்றும் ஒரே நூலில் ஒன்று கூடின. பிற்காலத்தார் மறுமலர்ச்சி ஓவியரை நேரில் கண்டவர் போலப் பேசுவதற்கு இந்நூலே பெரிதும் காரணம்.

ஆயினும் வசாரியின் கூற்றுகள் அனைத்தையும் மெய்யெனக் கொள்ளுதல் கூடாது. காசுத்தாஞ்ஞோ என்னும் ஓவியர் பொறாமையால் தொமெனிக்கோ வெனிசியானோ என்பாரைக் கொன்றார் என்று வசாரி எழுதினார். கொன்றவராகக் கூறப்பட்டவர் 1457-இலேயே இறந்தார் என்பதும், கொல்லப்பட்டவராகக் கூறப்பட்டவர் 1461 வரை வாழ்ந்தார் என்பதும் பின்னர் ஆவணங்களால் தெளிவாயின. முகங்களை அடையாளம் காண்பதிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. தூரின் நகரத்தில் உள்ள செஞ்சுண்ண ஓவியம் இலியோனார்தோ தா வின்சி தம்மையே வரைந்தது என்பதில் அறிஞர்க்குள் ஐயம் உண்டு. மைக்கேலாஞ்சலோ 1541-இல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில், உரிக்கப்பட்ட தோலில் தொங்கும் முகம் அவருடையதே என்பது 1925-ஆம் ஆண்டில்தான் எடுத்துரைக்கப்பட்டது. சான்று மிக்க நாட்டிலேயே நிலை இதுவாயின், சான்று குறைந்த நம் நாட்டில் எத்துணை விழிப்போடு ஆராய்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சங்க நூல்களில் ஓவியர்

தமிழில் ஓவியரைக் குறிக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. மதுரைக்காஞ்சி அவரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று கூறுகின்றது. காண்பார் கண்ணிலே தம் தொழிலை நிலைபெறச் செய்வோர் என்னும் கருத்துப்பட நச்சினார்க்கினியர் இதற்கு உரை கூறுவர். ஓவியனுக்கு இதனினும் நுட்பமான பெயர் வேறு மொழிகளில் உண்டோ என ஐயுறத் தோன்றுகின்றது. மணிமேகலை 'ஓவியச் செந்நூல்' என ஓவியத்திற்குரிய இலக்கண நூலைச் சுட்டுகின்றது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் இரதியும் காமனும், அகலிகையும் இந்திரனும் வரையப்பட்டிருந்தமையும், காண வந்தோர் அவற்றைச் சுட்டி 'இவர் யார்' என வினவி அறிந்தமையும் கூறப்படுகின்றன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மண்டபத்திற்கு வந்த மக்கள், வரையப்பட்டவர் யார் என்று வினவினர். வரைந்தவர் யார் என்று வினவியதாகப் பாடல் கூறவில்லை. பாடிய புலவர் பெயரையும், இசை வகுத்தவர் பெயரையும், பண்ணின் பெயரையும் பரிபாடலைத் தொகுத்தோர் குறித்து வைத்தனர். அந்நூலில் போற்றப்பட்ட ஓவியத்தைத் தீட்டியவனுக்கு அத்தகைய குறிப்பு வாய்க்கவில்லை. பெயர் குறிக்கும் வழக்கு தமிழரிடம் இல்லாமலில்லை. அது புலவர்க்கும் பாணர்க்கும் உரியதாக இருந்தது. ஓவியன்மாட்டு வந்து சேரவில்லை. எனவே, பெயரின்மைக்கு அடக்கம் ஒன்றே காரணம் என்பது முதற்படியிலேயே தளர்கின்றது.

பல்லாவரத்துக் குடைவரை

இனிக் கல்வெட்டுச் சான்றுகளுக்கு வருவோம். பல்லாவரத்துக் குன்றின்கண் உள்ள குடைவரை, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அகழ்வித்தது. முன்னே தூண்கள் நிரையாக நிற்க, பின்சுவரில் ஐந்து அறைகள் குடையப்பட்டுள்ளன. இன்று அஃது இசுலாமியரின் வழிபாட்டிடமாக விளங்குகின்றது. அங்கே பல்லவ கிரந்த எழுத்தில் அம்மன்னனின் விருதுப் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

மகேந்திரன் பூண்ட விருதுகள் மிகப்பல. மத்தவிலாசன், குணபரன், விசித்திரசித்தன் முதலியன அவற்றுட் சில. ஓவியத்தை ஆராய்வார்க்கு அவற்றுள் தலையாயது 'சித்திரகாரப்புலி' என்பதாகும். 'ஓவியருட் புலி போன்றவன்' என்பது இதன் பொருள். மாமண்டூர்க் குடைவரையிலுள்ள சிதைந்த கல்வெட்டு 'தட்சிணசித்திரம்' என்னும் ஓவிய நூலைக் குறிப்பதும் இவனோடு தொடர்புடையதாகவே கொள்ளப்படுகின்றது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடம் அந்நூற்பெயரையே தன் பெயராகத் தாங்கியிருத்தல் அறியத்தக்கது.

மண்டகப்பட்டில் உள்ள கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தவன் விசித்திரசித்தன் என்று கூறுகின்றது. இஃது ஒரு கலைஞனின் பெருமிதம் தொனிக்கும் கூற்று. எப்பொருளால் செய்தேன் என்பதைவிட எப்பொருளின்றிச் செய்தேன் என்பதையே அது எடுத்துரைக்கின்றது. பல்லாவரத்து விருதுப் பெயர்களை இக்கூற்றோடு வைத்து நோக்கினால், அவை வெறும் அரசியற் பட்டங்கள் அல்ல என்பது புலனாகும். தன் சுவை, தன் இயல்பு, தன் தொழில், தன் நகைச்சுவை ஆகிய அனைத்தையும் சொல்லால் வரைந்து வைத்த தன்னுருவே அது எனலாம். டியூரர் வண்ணத்தால் செய்ததை மகேந்திரன் எழுத்தால் செய்தான்.

ஆனால், இங்கே ஒரு குறையும் உண்டு. ஓவியருட் புலி என்று தன்னைக் கூறிக்கொண்ட மன்னனின் கைவண்ணம் என்று உறுதியாகக் கூறத்தக்க ஓவியம் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. பெயர் நிலைத்தது, ஓவியம் அழிந்தது. பிற ஓவியர் திறத்து நிகழ்ந்ததற்கு இது நேர்மாறானது.

சித்தன்னவாசல்: ஒரு பிழையும் அதன் திருத்தமும்

மகேந்திரனுக்கு ஓவியம் ஒன்றை உரிமையாக்க வேண்டும் என்னும் வேட்கை முற்கால ஆராய்ச்சியாளரிடம் இருந்தது. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் ஓவியங்கள் 1920-ஆம் ஆண்டையொட்டி அறிஞருலகிற்குத் தெரியவந்தபோது, அவை மகேந்திரன் சைவனாவதற்கு முன் தீட்டுவித்தவை என்று கருதப்பட்டன. தூணொன்றில் முடியணிந்து காணப்படும் உருவம் மகேந்திரனே என்றும், அருகிலிருப்பவள் அவன் தேவி என்றும் எழுதப்பட்டது. பள்ளிப் பாடநூல்களும் நெடுங்காலம் அதனையே கூறிவந்தன.

பின்னர் அங்குள்ள பாண்டியர் காலத் தமிழ்க் கல்வெட்டு படிக்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான் அக்குடைவரையின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபத்தையும் எடுத்தான் என்பது அதனாற் பெறப்பட்டது. ஆகவே, இன்று காணப்படும் ஓவியங்கள் பெரும்பாலும் பாண்டியர் காலத்தன என்றும், தூணிலுள்ள அரசன் பாண்டியனாதல் கூடும் என்றும் அறிஞர் கொண்டனர்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? பெயர் எழுதப்படாத முகத்திற்குப் புகழ்பெற்ற பெயர் ஒன்றைச் சூட்டிவிடுதல் எளிது. அங்ஙனம் சூட்டும்போது, அங்கே உண்மையாகவே பெயர் எழுதி வைத்தவன் மறைக்கப்படுகின்றான். இளங்கௌதமன் ஓவியனோ, ஓவியரை ஏவிப் புதுப்பித்த சமண ஆசிரியனோ என்பது ஆய்வுக்குரியது. எங்ஙனமாயினும், கல்லில் தன் பெயரைப் பொறித்து வைத்த ஒருவனைக் கடந்து, அங்கே இல்லாத ஒரு மன்னனை நாம் தேடிக்கொண்டிருந்தோம்.

மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரையில் இரு மன்னர் உருவங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டு, மேலே சிம்மவிண்ண போத்தாதிராசன், மகேந்திர போத்தாதிராசன் என்னும் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே பெயர் இருந்தும், எந்த மகேந்திரன் என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. மேலும் அவ்வுருவங்கள் பிறர் செதுக்கியவை. மன்னனின் முகத்தைச் செதுக்கிய சிற்பியின் முகம் அங்கில்லை.

பூஞ்சேரிப் பாறையும் தஞ்சைப் பெருங்கோயிலும்

சிற்பியர் தம் பெயரை எழுத விரும்பவில்லை என்பதும் உண்மையன்று. மாமல்லபுரத்திற்கு மேற்கே பூஞ்சேரியிலுள்ள பாறைகளில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாதப் பெருந்தச்சன், பய்யமிழிப்பான், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. பெருந்தச்சன், கொல்லன் என்னும் தொழிற்பெயர்கள் அவர் யாவர் என்பதை உணர்த்துகின்றன. மாமல்லபுரத்தில் உளி பிடித்தவர் இவரே என்று கொள்வதற்கு இடமுண்டு.

அப்பெயர்கள் எங்கே வெட்டப்பட்டன என்பதே இங்கு நோக்கத்தக்கது. கடற்கரைக் கோயிலிலோ தேர்களிலோ அல்ல. ஊர்ப்புறத்து வெறும் பாறையில். அரசனின் விருதுப் பெயர்கள் தூணிலும் சுவரிலும் வரிசையாக நிற்க, தச்சனின் பெயர் எவரும் கருதாத பாறையில் நிற்கின்றது. பெயர் பொறிக்கும் வேட்கை இருவர்க்கும் பொதுவே. இடம் பெறும் உரிமை மட்டும் ஒருவர்க்கே இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நிலை சற்றே மாறுகின்றது. முதலாம் இராசராசன், கொடுத்தவர் பெயரையெல்லாம் கல்லில் வெட்டுவித்தவன். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும் அவர்தம் மனையும் ஊரும் அக்கல்வெட்டுகளில் உள்ளன. குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் சிற்பியின் பெயரும் உள்ளது. ஆயினும் கருவறையைச் சூழ்ந்த இருண்ட நடையில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்து, 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அவர்களால் வெளிப்படுத்தப்பட்ட சோழர் ஓவியங்களைத் தீட்டியவர் இன்னார் என்பது இன்றும் அறியப்படவில்லை. ஆடியவரின் வீட்டு வரிசையைக்கூட அறிந்த நாம், தீட்டியவரின் பெயரை அறியோம்.

திருவாரூரில் ஒரு முகம்

பெயரும் முகமும் ஒருங்கே கிடைக்கும் தமிழ் ஓவியன் ஒருவன் உளனா என்னும் வினாவிற்கு விடை திருவாரூரில் உள்ளது. தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், முசுகுந்தச் சோழன் இந்திரனிடமிருந்து தியாகராசர் திருவுருவைப் பெற்றுத் திருவாரூர்க்குக் கொணர்ந்த கதை ஓவியத் தொடராகத் தீட்டப்பட்டுள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையொட்டியன என அறிஞர் கருதும் இவ்வோவியங்களின் கீழ்த் தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. நெடுங்காலம் சிதைந்து கிடந்த இவை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்பனிடப்பட்டன.

இவ்வோவியங்களைத் தீட்டியவன் சிங்காதனம் என்பான். அவன் தன் பெயரை எழுதியதோடு அமையாது, தன் உருவையும் வழிபடுவோனாக அவ்வோவியத்தினுள்ளேயே வரைந்து வைத்தான். கடவுளின் ஊர்வலமும் அரசனின் படையும் தேவருலகமும் விரிந்து கிடக்கும் விதானத்தில், அவற்றைப் படைத்தவனும் ஓர் உருவாக நிற்கின்றான்.

இதனைப் போத்திசெல்லியின் ஓவியத்தோடு ஒப்பிடுதல் தகும். இருவரும் வழிபாட்டு நிகழ்ச்சி ஒன்றினுள் தம்மை நிறுத்தினர். இருவர் உருவும் 'சான்றாளன் உரு' என்னும் வகையைச் சார்ந்தனவே. வேறுபாடும் உண்டு. போத்திசெல்லி கடவுளை நோக்காது காண்போரை நோக்குகின்றார். தம் பெயரை எழுதவில்லை. முகத்தைக் கொண்டே அவரை அடையாளம் காண்கிறோம். சிங்காதனமோ வழிபடும் அடியவனாக நிற்கின்றான். ஆனால் பெயரை எழுதிவிடுகின்றான். ஒருவர் முகத்தை நம்பினார். மற்றவர் எழுத்தை நம்பினார்.

தொண்டும் பெயரும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதைச் சிங்காதனத்தின் செயல் மெய்ப்பிக்கின்றது. தொண்டன் என்பதனாலேயே அவன் பெயரை மறைத்துக்கொள்ளவில்லை; தொண்டன் என்ற முறையிலேயே பெயரை எழுதினான். பதிகத்தின் இறுதியில் தம் பெயரைக் கூறி முடித்த சம்பந்தரையும் சுந்தரரையும் அறிந்த திருவாரூரில் இது வியப்பன்று. பாடலில் திருக்கடைக்காப்புச் செய்யும் வேலையை ஓவியத்தில் அவன் உருவும் பெயரும் செய்கின்றன எனக் கொள்ளலாம்.

ஆயினும் சிங்காதனத்தின் ஊர், ஆசிரியன், மக்கள், பெற்ற கூலி ஆகியன பற்றி எழுதி வைத்தவர் எவரும் இலர். அவனுக்குப் பெயரும் முகமும் வாய்த்தன. வாழ்க்கை வரலாறு வாய்க்கவில்லை.

சோழமண்டலமும் இராமானுசமும்

இருபதாம் நூற்றாண்டில் நிலை முற்றிலும் மாறியது. 1850-இல் அலெக்சாந்தர் அண்டர் என்பார் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, நெடுங்காலம் கைத்தொழிற் பள்ளியாகவே இருந்து, 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி தலைமை ஏற்றபின் நுண்கலைக்கு முதன்மை அளித்தது. உயிருள்ள மாதிரியைக் கண்டு வரைதலும், முகத்தை ஆராய்ந்து தீட்டுதலும் பயிற்சியாயின. அவர்க்குப்பின் தலைமை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர் (1911-1977) 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர். ஓவியர் தம் கலையால் மட்டும் வாழ இயலாத நிலையைக் கண்டு, துணியில் மெழுகுச் சாயம் தோய்க்கும் பாத்திக்கு முதலிய கைவினைகளைச் செய்து விற்கும் வழியை இவரும் இவர்தம் மாணாக்கரும் வகுத்தனர். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1966-இல் சோழமண்டலம் உருவாயிற்று. அரசனோ கோயிலோ செல்வரோ இன்றி, ஓவியர் தம் உழைப்பாலேயே தமக்கென ஓர் ஊரை அமைத்துக்கொண்டமை தமிழக ஓவிய வரலாற்றில் புதுவது.

பணிக்கரே 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறிகளும்' என்னும் வரிசையில், சாதகக் கட்டங்களையும் எண்களையும் படிக்கவியலாத எழுத்துகளையும் கொண்டு பரப்பை நிரப்பினார். பல்லாவரத்தில் எழுத்தே உருவாயிற்று. பணிக்கரிடம் எழுத்தே ஓவியமாயிற்று. எனினும் இவ்வொப்புமையை மிகையாக வலியுறுத்துதல் கூடாது. முன்னையது பொருள் உணர்த்தும் எழுத்து. பின்னையது பொருளை விலக்கிய எழுத்து.

தன்னுருவைப் பொறுத்தவரை, சோழமண்டலத்தில் ஆராய்தற்குரியவர் கே. இராமானுசம் ஆவார். பேச்சுத் தடையும் மனநோயும் வறுமையும் உடையவராயிருந்த இவரைப் பணிக்கர் பரிவோடு கலைப்பள்ளியிலும் பின்னர்ச் சோழமண்டலத்திலும் காத்துவந்தார். மையாலும் நீலம் மிகுந்த வண்ணத்தாலும் இவர் வரைந்த ஓவியங்களில் வானளாவிய மாளிகைகளும், பறக்கும் விலங்குகளும், பாம்புகளும், அணிகலன் பூண்ட மகளிரும் நெருங்கி நிற்பர். அவற்றிடையே தொப்பியணிந்த ஓர் உருவம் மீண்டும் மீண்டும் தோன்றும். அவ்வுருவம் இராமானுசமே. மாளிகையும் தேரும் ஏவலரும் சூழ, தம் கனவுலகில் தாமே தலைவராக அவர் அமர்ந்திருக்கின்றார். 1973-இல், முதுமை எய்தாமலே, சோழமண்டலத்திலேயே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

இராமானுசத்தின் தன்னுரு முன் கூறிய இருவகையுள் எதனைச் சார்ந்தது? கலைப்பள்ளியில் பயின்றவராயினும், டியூரரைப் போல் கண்ணாடி முன் நின்று தம் முகத்தை ஆராய்ந்தவரல்லர். தனியுருவின் வேட்கையும், சான்றாளன் உருவின் அமைப்பும் அவரிடம் கலந்துள்ளன. சிங்காதனத்தைப் போலவே, நிறைந்த கூட்டத்தின் நடுவே அவர் தம்மை வைத்தார். ஆனால் சிங்காதனத்தின் கூட்டம் ஊரறிந்த கூட்டம். கடவுளும் அரசனும் அடியாரும் எல்லார்க்கும் உரியவர். இராமானுசத்தின் கூட்டமோ அவர் ஒருவரே அறிந்தது. புற உலகில் இடம் பெறாத ஒருவர், தமக்கு இடமளிக்கும் உலகைத் தாமே வரைந்துகொண்டார். தமிழகத்து ஓவியன் தன்னுருவின் வரலாற்றில் இஃது உள்ளத்தை வருத்தும் பகுதியாகும்.

வாழ்வை எழுதுதலும் இக்காலத்தில்தான் தொடங்கிற்று. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று அதன் தலைமையையும் ஏற்ற சிற்பி எஸ். தனபால் (1919-2000), 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்னும் பெயரால் தம் வாழ்வைத் தமிழில் கூறிச் சென்றார். ஆசிரியர், உடன் பயின்றோர், மாணாக்கர், கலைப்பள்ளியின் அன்றாட நிலை ஆகியன அந்நூலால் தெரியவருகின்றன. வசாரியைப் போல, தொழில் அறிந்த ஒருவரே எழுதியமையால் அதற்குத் தனி மதிப்புண்டு. வசாரியை ஆராய்வது போலவே, அதனையும் பிற சான்றுகளோடு வைத்து ஆராய்தல் நம் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். முதலாவதாக, தமிழ்க் கலைஞர் பெயர் விரும்பாதவர் என்னும் கூற்று சான்றுகளால் வலுப்பெறவில்லை. பல்லாவரத்தில் மன்னனும், பூஞ்சேரியில் தச்சரும், சித்தன்னவாசலில் ஆசிரியனும், திருவாரூரில் ஓவியனும் பெயர் பொறித்தனர். இரண்டாவதாக, பெயர் பொறிக்கும் இடம் அவரவர் நிலைக்கேற்ப வேறுபட்டது. கோயிற்சுவர் சிலர்க்கே வாய்த்தது. மூன்றாவதாக, ஓவியன் தன் உருவைத் தீட்டும் வழக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததே என்பதும் முழுவதும் உண்மையன்று. தனியுரு கலைப்பள்ளியின் வழி வந்தது; சான்றாளன் உரு திருவாரூரில் அதற்கு முன்னரே இருந்தது. நான்காவதாக, நம்மிடம் இல்லாதிருந்தவர் வசாரியே. தம்மைக் காட்ட விழைந்த ஓவியர் அல்லர். வரைந்தவனை வினவி, அவன் வாழ்வை எழுதி வைக்கும் ஒருவர் நம்மிடம் தோன்றவில்லை.

பெயரின்மையை அடக்கமாகப் போற்றுவதில் ஒரு தீங்கும் உண்டு. அடக்கம் என்று கொண்டுவிட்டால், தேட வேண்டுவதில்லை என்றாகிவிடும். திருப்பணி என்னும் பெயரால் சுவர்களைச் சுரண்டியும் வெள்ளையடித்தும் அழித்தபோது, ஓவியத்தோடு அதன் கீழ் எழுதப்பட்டிருந்த குறிப்புகளும் அழிந்தன. சிங்காதனத்தைப் போன்றவர் எத்தனை பேர் அச்சுண்ணாம்பின் அடியில் மறைந்தனர் என்று யாரே கூற வல்லார்?

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இத்துறையில் செய்தற்குரிய பணி மிகுதி. ஓவியங்களின் கீழுள்ள தமிழ்க் குறிப்புகள் மொழி வரலாற்றிற்கும் எழுத்து வரலாற்றிற்கும் பயன்படுவன. அவற்றைப் படித்துத் தொகுத்தல் கலை ஆய்வாளர்க்கு மட்டும் உரிய வேலை அன்று, தமிழாசிரியர்க்கும் உரியது. சோழமண்டலத்தை உருவாக்கிய தலைமுறையினருட் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோரை நேரிற் கண்டு, அவர் சொல்வனவற்றை அவர் சொல்லிலேயே எழுதி வைத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாவிடின், வருங்காலத்து ஆராய்ச்சியாளர் இராமானுசத்தின் ஓவியத்தின்முன் நின்று, தொப்பியணிந்த இவ்வுருவம் எந்நாட்டு மன்னனுடையது என்று வினவவும் கூடும். சித்தன்னவாசலில் நாம் செய்த பிழை ஈஞ்சம்பாக்கத்திலும் நிகழாதிருத்தல் வேண்டும்.